பிள்ளைகளோடு ஒரு பட்டம்



மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மீது வீசுகிறது. மாத்தளை மாவட்டத்து யட்டவத்தவிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள பிள்ளைகளுக்கு, பட்டம் விட அதுவே வாய்ப்பான காற்று. கடையிலே ஒரு பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அதில் பிள்ளை கற்பது நூலைப் பிடிப்பது ஒன்றே. ஒரு பட்டத்தையேனும் அதன் கையாலேயே செய்விக்க வேண்டும் என்பேன்.

வேண்டிய பொருள்கள் சிலவே. 24 அங்குலமும் 20 அங்குலமுமான மெல்லிய மூங்கிற் கீற்றுகள் இரண்டு, மெல்லிய கடதாசி, கோதுமை மாப் பசை, நூல். நீண்ட கீற்றின் தலையிலிருந்து 6 அங்குலம் கீழே குட்டைக் கீற்றைக் குறுக்காகக் கட்ட வேண்டும். கட்டுமுன், அந்தக் குறுக்குக் கீற்றின் நடுவைப் பிள்ளை தன் விரலில் தாங்கிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அப்பக்கத்தைச் சற்றே சீவ வேண்டும். இதைச் செய்யாத பட்டம் வானில் ஒருபுறமாகச் சாயும். பின்னர் நான்கு முனைகளையும் நூலால் இணைத்து, கடதாசியை ஒட்டி உலர்த்தலாம்.

பட்டத்தின் உயிர் முச்சையில் இருக்கிறது. கீற்றுகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு நூலும், வாலுக்குச் சற்று மேலிருந்து ஒரு நூலும் வந்து முன்னே ஒரு முடிச்சிற் கூடுவதே முச்சை. பலத்த காற்றில் முடிச்சைச் சிறிது மேலேயும், மெல்லிய காற்றில் சிறிது கீழேயும் நகர்த்த வேண்டும். பட்டம் சுழன்று சுழன்று விழுந்தால் வால் போதாது. பழஞ்சீலைக் கிழிசல் பத்தடி கட்டிப் பாருங்கள்.

முச்சை யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த சொல். அங்கே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில், வடகீழ்க் காற்றிலே பெரும் பட்டங்கள் ஏறுகின்றன. வில்லில் நாடாவை இழுத்துக் கட்டிய ‘விண்’ பூட்டிய பட்டம் வானிலே ஓயாது கூவும். சிறுவர் இதற்கு அவசரப்பட வேண்டாம்.

பட்டம் விழுந்தவுடன் தந்தையார் ஓடிச்சென்று திருத்திவிடுகிறார். ஐயா, பொறுத்திருங்கள். “ஏன் விழுந்தது, தம்பி?” என்று கேட்டால் போதும். வாலா, முச்சையா, கீற்றா என்று அவனே தேடட்டும். 1878 இல் அமெரிக்காவில் மில்டன் ரைற் என்பவர் தம் புதல்வர் இருவருக்கு, இறப்பர் நாடாவை முறுக்கினால் மேலெழும் விளையாட்டுப் பொருளொன்றைக் கொடுத்தார். அது உடைந்தபின் சிறுவர் தாமே அதுபோலச் செய்தனர். 1899 இல் அவர்கள் இறக்கையை முறுக்கித் திருப்பும் முறையைச் சோதித்ததும் ஒரு பட்டத்திலேதான். விமானம் பறந்தது 1903 இல்.

மலைச்சரிவில் இடந்தெரிய வேண்டும். குன்றின் மறைவில் காற்று சுழலும். அங்கே நல்ல பட்டமும் நில்லாது. அறுவடை முடிந்த திறந்த வயலே நல்லது. மின்கம்பியும் வீதியும் அருகில் இருத்தலாகாது. உலோக இழையோ ஈரநூலோ கூடாது. பட்டம் கம்பியிற் சிக்கினால் இழுக்கவும் வேண்டாம், தடியால் தட்டவும் வேண்டாம். நூலைக் கைவிட்டு விலகும்படி பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். வேறொரு பட்டத்துக்கு மூங்கில் இருக்கிறது.