பெரியவர்கள் சொல்லக் கேட்போம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

அஸர் தொழுகைக்குப் பின் ஹவுள் கரையில் நம் பெரியவர்கள் அமர்ந்து பழங்கதை பேசுவதை நாள்தோறும் காண்கிறோம். "சொன்னதையே சொல்கிறார்" என்று இளைஞர்கள் எழுந்து செல்வதையும் காண்கிறோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு எழுந்து சென்றவர்களே.

முதியோர் பழையதைப் பேசுவதை மூளைத் தளர்ச்சி என்று மருத்துவர்களே ஒதுக்கிய காலம் உண்டு. ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1963-இல் அதை மறுத்தார். வாழ்வை மீண்டும் எடைபோட்டுப் பார்க்கும் இயல்பான செயல் அது என்றார். சிலருக்கு அதனால் மனவேதனை மிகக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நம் காவிரிப் படுகையில் எடைபோட வேண்டியவை ஏராளம். கூத்தாநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து பர்மா சென்று வணிகம் செய்தோர் பலர். 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசியபின் இந்தியர் லட்சக்கணக்கில் வெளியேறினர். காடும் மலையும் கடந்து நடந்தே வந்தோர் அநேகர். போருக்குப் பின் மீண்டும் சென்று தொழில் செய்தோரின் கடைகளை 1964-இல் அந்நாட்டு அரசு தேசியமயமாக்கியது. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாதவையாயின.

2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்த வாரம், பள்ளிவாசலில் தங்கியிருந்தோர் நடுவே, அவ்வாறு திரும்பிய பெரியவர் ஒருவர் பேசலானார். துணி அளக்கும் கோலை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலேறிய கதையை நூறாவது முறையாகச் சொன்னார். அன்று எவரும் எழவில்லை. தோப்பிழந்த ஒருவர், "அப்புறம் என்ன செய்தீங்க?" என்று கேட்டார். "அடுத்த வாரமே சைக்கிள்ல துணி விற்கப் போயிட்டேன்" என்றார் பெரியவர். அதன்பின் பேச்சு, மரம் அறுக்கும் வாள் யாரிடம் உண்டு என்பதற்குச் சென்றது. நாம் அவ்வாரம் செய்த பயானைவிட அக்கதையே பயன்பட்டது என்பதைச் சொல்வதில் நமக்கு வெட்கமில்லை.

கேட்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நபி யூசுஃப் (அலை) அவர்கள், பெற்றோரும் சகோதரர்களும் எகிப்து வந்து சேர்ந்தபோது, தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றை எடுத்துரைத்தார்கள். இறைவன் தம்மைச் சிறையிலிருந்து வெளியேற்றியதைக் கூறினார்கள், கிணற்றைக் குறிப்பிடவில்லை. அதில் தள்ளியவர்கள் எதிரே நின்றார்கள். அவர்கள் நாணக்கூடாது என்பதே காரணம் என்பர் விரிவுரையாளர்கள். நம் பெரியவர்களும் சில கிணறுகளைச் சொல்லாமல் கடந்து செல்வார்கள். அந்தத் துணி வியாபாரி, துறைமுகத்தில் தம்மை வழியனுப்ப வந்தவர் யாரென்று இதுவரை சொன்னதில்லை. நாம் கேட்டதுமில்லை.

1942-இல் நடந்து வந்த சிறுவர்கள் இன்று 80 வயதைக் கடந்தவர்கள். எஞ்சியிருப்போர் மிகச் சிலர். ஆகவே, வியாழன்தோறும் அஸருக்குப் பின் மக்தப் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்துடன் ஹவுள் கரைக்கு வருவார்கள். ஹவுள் கரைக்கு வராத நம் பாட்டிமார்களின் கதைகளைப் பேத்திகள் வீட்டிலேயே எழுதட்டும். ஆண்கள் பர்மாவிலிருந்த காலத்தில் குடும்பத்தை நடத்தியவர்கள் அவர்கள்தாமே. நோட்டுகளுக்கான செலவை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டுள்ளது.