பவுனும் மார்க்கும்



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். ஒரு நாட்டுக் காசு மற்றொரு நாட்டுக் காசாக மாறும் விகிதத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், இவ்விரு பொருளையும் பிரிக்க இயலாது. அவ்விகிதம் பெரும்பாலும் ஓர் அரசு கொடுத்த வாக்காகவே இருந்திருக்கிறது. அவ்வாக்குத் தவறியபோது இழப்பைச் சுமந்தவர் யார் என்பதை, இங்கிலாந்தின் பவுனையும் ஜெர்மனியின் மார்க்கையும் கொண்டு இன்று சொல்ல விரும்புகிறேன்.

நம் இல்லங்களில் ‘ஐந்து பவுன் சங்கிலி’ என்கிறோம் அல்லவா? அந்தப் பவுன், ஆங்கிலேயரின் பொற்காசே. அதன் எடை ஏறத்தாழ 8 கிராம்; அதிலுள்ள கலப்பற்ற பொன் 7.322 கிராம். 1871-இல் பேரரசாக ஒன்றுபட்ட ஜெர்மனி, பொன்னை அடிப்படையாகக் கொண்டு மார்க்கை வகுத்தது. ஒரு மார்க்குக்குரிய பொன் 0.3584 கிராம். முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள், 20.43 கிடைக்கும். 1914 வரை ஒரு பவுனுக்கு மார்க்கின் விகிதம் அதுதான். எந்த அமைச்சரும் பேரம் பேசி முடித்த எண் அன்று அது. தராசு சொன்ன எண். சந்தையில் விகிதம் சற்று விலகினால், வணிகர் பொன்னையே கப்பலேற்றி அனுப்பிவிடுவர். ஆகவே விலகலும் மிகச் சிறிதாகவே இருந்தது.

1914-இல் போர் மூண்டது. தாளைக் கொடுத்தால் பொன் தருவோம் என்ற வாக்கை ஜெர்மனி நிறுத்திவைத்தது. போர்ச் செலவைப் பெரும்பாலும் கடனால் சமாளித்தது. தோற்றபின் இழப்பீட்டுச் சுமையும் சேர்ந்தது. 1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் சுரங்கப் பகுதிக்குள் புகுந்தன. ஒத்துழைக்க மறுத்து வேலையை நிறுத்திய தொழிலாளர்க்கு அரசு தாளை அச்சடித்தே கூலி கொடுத்தது. அவ்வாண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க். பவுனுக்கு அதனினும் நான்கு மடங்குக்கு மேல். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் உடன் சிரித்ததுண்டு. ஓய்வூதியம் வாங்கத் தொடங்கிய பிறகு அந்தச் சிரிப்பு வருவதில்லை. முப்பது ஆண்டுகள் பணிபுரிந்து சேமித்த ஓர் ஆசிரியரின் வங்கிக் கணக்கு, ஒரு தபால்தலைக்கும் போதாமற்போன காலம் அது.

அதே மாதத்தில் ரெண்டன்மார்க் என்னும் புதிய பணம் வெளிவந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடிக்குப் புதியது ஒன்று. அடுத்த ஆண்டில் ரைக்ஸ்மார்க் வந்தது. அதற்கு வகுத்த பொன்னளவு, போருக்கு முன்னிருந்த அதே அளவு. 1925-இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில், பவுனையும் பழைய பொன்னளவுக்கே திருப்பினார். ஆக, அதே 20.43 மீண்டும் உயிர்பெற்றது! ஆனால் ஜெர்மானிய நடுத்தர மக்களின் சேமிப்பில் பெரும்பகுதி திரும்பவில்லை. இங்கிலாந்திலோ வேறு வகைத் துன்பம். பவுன் அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டுவிட்டது என்று பொருளியல் அறிஞர் கெயின்ஸ் எச்சரித்தார். நிலக்கரி ஏற்றுமதி நலிந்தது. சுரங்கத் தொழிலாளரின் கூலியைக் குறைக்க முற்பட்டனர். 1926-இல் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. பழைய பெருமையை மீட்கும் செலவைச் சுரங்கத்தில் உழைத்தவன் தலையில் வைத்தது நேர்மை என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஏற்பாடும் 1931 செப்டம்பரில் முறிந்தது.

ஹிட்லர் காலத்து மார்க்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடுங்கட்டுப்பாட்டில் அடைபட்டுக் கிடந்த பணம் அது. 1948 ஜூனில் மேற்கு ஜெர்மனியில் டாய்ச் மார்க் பிறந்தது. 1949 செப்டம்பரில் பவுனின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டது. பவுனோடு பிணைந்திருந்த நம் ரூபாயும் அப்போது உடன் இறங்கியது. ஜெர்மனியும் சிறிது இறங்கி, டாலருக்கு 4.20 மார்க் என வைத்துக்கொண்டது. பெருக்கினால் பவுனுக்கு 11.76 மார்க். 1961-இல் ஜெர்மனி தன் பணத்தை உயர்த்தியது, விகிதம் 11.20 ஆயிற்று. 1967-இல் பிரிட்டன் மீண்டும் இறங்கியது, 9.60. மக்களின் பையிலுள்ள பவுனுக்குக் குறைவு ஒன்றுமில்லை என்று பிரதமர் வில்சன் தொலைக்காட்சியில் தோன்றி ஆறுதல் கூறினார். இறக்குமதிப் பண்டம் வாங்கியவர்கள் அதை நம்பியிருக்க மாட்டார்கள். 1969-இல் மார்க் மறுபடியும் உயர, விகிதம் ஏறத்தாழ 8.78 ஆகியது. போரில் வென்ற நாட்டின் பணம் படிப்படியாய் இறங்க, தோற்ற நாட்டின் பணம் ஏறிய வேடிக்கை இது. 1972-இல் பவுன் சந்தையில் மிதக்க விடப்பட்டது.

1990 அக்டோபரில் பிரிட்டன் மீண்டும் ஒரு வாக்குக் கொடுத்தது. ஐரோப்பிய நாணய ஏற்பாட்டில் சேர்ந்து, பவுனுக்கு 2.95 மார்க் என்றும், 2.778-க்குக் கீழே போகவிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் இரு ஜெர்மனிகளும் ஒன்றுபட்டன. கிழக்கு ஜெர்மானியரின் கூலிக்கு ஒன்றுக்கு ஒன்று என மேற்கு மார்க் வழங்கப்பட்டது. ஒன்றிணைப்புச் செலவால் விலைவாசி ஏறிவிடும் என அஞ்சிய ஜெர்மானிய மைய வங்கி வட்டியை உயர்த்தியது. பவுனைத் தாங்க வேண்டியிருந்ததால், தொழில் மந்தத்தில் தவித்த பிரிட்டனும் வட்டியைக் குறைக்க முடியவில்லை. வீட்டுக்கடன் வாங்கியவர் திணறினர். 1992 செப்டம்பர் 16 அன்று பவுனை விற்போர் வெள்ளமெனத் திரண்டனர். அரசு காலையில் வட்டியை 10 விழுக்காட்டிலிருந்து 12 ஆக்கியது. பிற்பகலில், மறுநாள் 15 ஆகும் என்றது. பயனில்லை. மாலையில் நிதியமைச்சர் லாமாண்ட் வெளியே வந்து, ஏற்பாட்டிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அந்த முயற்சியால் நேர்ந்த இழப்பு 330 கோடி பவுன் என்று அந்நாட்டுக் கருவூலம் பின்னர்க் கணித்தது. அது குடிமக்களின் வரிப்பணம். ஆனால், வாக்கிலிருந்து விடுபட்டபின் வட்டி இறங்கியது, தொழிலும் மெல்லத் தலைநிமிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்க்கின் கதை 1999-இல் முடிந்தது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று நிலையாக விகிதம் வகுக்கப்பட்டது; 2001 இறுதியோடு மார்க் செல்லுபடியாவது நின்றது. ஆயினும், பழைய பெட்டியில் ஒரு டாய்ச் மார்க் தாளைக் கண்டெடுக்கும் முதியவர் அதை ஜெர்மானிய மைய வங்கியில் கொடுத்து, அதே விகிதத்தில் யூரோ பெறலாம். அதற்கு அந்த வங்கி காலக்கெடு எதுவும் விதிக்கவில்லை.