குத்துச்சண்டையும் கையெழுத்தும்

தம்புள்ளையிலிருந்து ஹபரணை செல்லும் நெடுஞ்சாலையில் இனாமலுவைச் சந்தியை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் சீகிரியாவை அடையலாம். குன்றின்மீது ஏறிக் காசியப்ப மன்னனின் கோட்டையைக் காண வருவோர் பல்லாயிரவர். குன்றின் கீழே பரந்து கிடக்கும் வயல்களையும் வெங்காயப் பாத்திகளையும் நின்று நோக்குவோர் மிகச் சிலரே. இந்நிலத்து உழவர் தம் விளைபொருளை லொறியில் ஏற்றித் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டு செல்வர். பேரம் நடக்கும் அந்த இடத்தில் அனுபவமுள்ள உழவன் ஒருவன் முதலில் கவனிப்பது ஒன்று உண்டு. தன் மூட்டையை விற்றுத் தருகிறேன் என்று முன்வருபவர், மறுகையால் அதனைத் தாமே வாங்கிக்கொள்பவரா என்பதே அது. அப்படியானால் விலை எந்தப் பக்கம் சாயும் என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அத்தகைய உழவர் குடியில் பிறந்த இளைஞன் ஒருவன் குத்துச்சண்டையில் தேர்ச்சி பெற்று, அதனையே பிழைப்பாகக் கொள்ள விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முன் ஒரு தாள் நீட்டப்படும். கோதாவில் அவன் வாங்கப்போகும் குத்துக்கள் அனைத்தையும்விட அத்தாளில் இடும் கையெழுத்து அவன் வாழ்வை அதிகமாகப் பாதிக்கக்கூடும்.

பணத்துக்காக ஆடப்படும் குத்துச்சண்டையில் வீரனைச் சுற்றி மூவர் நிற்பர். ஒருவர் பயிற்சியாளர், வடசென்னை வழக்கிற் சொன்னால் வாத்தியார். இரண்டாமவர் மனேஜர், வீரன் யாருடன், எப்போது, எவ்வளவு பணத்துக்கு மோதுவது என்பதை அவன் சார்பில் பேசி முடிப்பவர். மூன்றாமவர் பந்தயத்தை ஏற்று நடத்தும் முதலாளி. அரங்கை வாடகைக்கு எடுத்து, சீட்டு விற்று, தொலைக்காட்சி உரிமையையும் விற்று, வீரர் இருவருக்கும் பணமுடிப்பு வழங்குபவர். மனேஜருக்கு முடிப்பு பெருக வேண்டும். முதலாளிக்கு அது சுருங்க வேண்டும். இவ்விருவருக்கும் இடையே உள்ள இழுபறிதான் வீரனுக்குப் பாதுகாப்பு.

கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். அமெரிக்க வழக்கில் மனேஜரின் பங்கு மூன்றில் ஒன்று வரை செல்லும். பிரித்தானியாவில் அது நூற்றுக்கு 25. பயிற்சியாளருக்கு நூற்றுக்கு 10 என்பது பொதுவான வழக்கம். பேச்சுக்காக, நம் இளைஞனின் முடிப்பு 3 இலட்சம் ரூபாய் என்று கொள்வோம். மனேஜருக்கு 1 இலட்சம், பயிற்சியாளருக்கு 30,000 போக எஞ்சுவது 1,70,000. பயிற்சிக் காலத்து உணவு, தங்குமிடம், மருத்துவச் சோதனை, ஒத்திகைக்கு எதிர்நிற்பவர் கூலி என்று 60,000 கழிந்தால் மிச்சம் 1,10,000. ஆண்டுக்கு மூன்று முறை மோதினாலும் மாதத்துக்கு 27,500 ரூபாய்தான் கைக்கு வரும். தம்புள்ளைச் சந்தையில் மூட்டை சுமப்பவன் முகத்தில் ஒரு குத்தும் வாங்காமல் இதனைச் சம்பாதித்துவிடுவான். ஒப்பந்தத்தில் எழுதிய பெருந்தொகை வேறு, வீட்டுக்கு வந்து சேரும் தொகை வேறு.

புகழ் பெருகினால் இக்கணக்கு மாறிவிடும் என்று எண்ணுதல் இயல்பு. ஜோ லூயியின் வரலாறு அவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை. 1937 ஜூன் மாதம் சிக்காகோவில் அவர் ஜேம்ஸ் பிராடொக்கை வீழ்த்தி உலகக் கனவகைப் பட்டத்தை வென்றார். அப்போட்டிக்கு இசைவு தருமுன், பிராடொக்கின் மனேஜர் ஜோ கூல்ட் ஒரு நிபந்தனை விதித்தார். லூயி வென்றால், பந்தய முதலாளி மைக் ஜேக்கப்ஸ் அடுத்த 10 ஆண்டுகளில் கனவகைப் பட்டப் போட்டிகளால் அடையும் நிகர இலாபத்தில் நூற்றுக்கு 10 தம் தரப்புக்கு வரவேண்டும் என்பதே அது. எட்டாம் சுற்றில் தரையில் வீழ்ந்தவர் பிராடொக். ஆனால் வென்றவரின் எதிர்காலத்திலிருந்து வருவாய் பெற்றவரும் அவரே. தோல்வியையும் நல்ல விலைக்கு விற்ற மனேஜர் கூல்ட்! தம் வீரனுக்காகப் பேசுபவர் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அவரைச் சான்றாகக் கூறுவதில் தவறில்லை.

லூயியோ, 1942இல் இரண்டு பட்டப் போட்டிகளின் முடிப்பைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு ஈந்தவர். பின்னாளில் வருமான வரிக் கடன் அவரை விடாது துரத்தியது. முதுமையில் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு சூதாட்ட விடுதியின் வாயிலில் விருந்தினரை வரவேற்கும் வேலையில் அமர்ந்தார்.

அவர் 1949இல் ஓய்வு பெற்றபோது மற்றொன்று நிகழ்ந்தது. பட்டத்துக்கு உரிய முன்னணி வீரர்களின் ஒப்பந்தங்களைத் தாமே பெற்று, அவற்றை ஜேம்ஸ் நோரிஸ் என்னும் செல்வரின் குழுவுக்கு 1,50,000 டொலருக்கு லூயி கைமாற்றினார். அக்குழு நிறுவிய சர்வதேச குத்துச்சண்டைக் கழகம் 1949 முதல் 1953 வரை அமெரிக்காவில் நடந்த 44 பட்டப் போட்டிகளில் 36ஐத் தன் பிடியில் வைத்திருந்தது. பட்டத்துக்கு மோத விரும்பும் வீரன், தான் வென்றால் தொடர்ந்து அக்கழகத்துக்கே ஆடுவதாக முன்கூட்டியே ஒப்ப வேண்டும். விதைக்க முன்பணம் தந்தவருக்கே அறுவடையை விற்க வேண்டும் என்று கட்டுப்பட்ட உழவனின் நிலை இது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1955இல் குத்துச்சண்டையும் தனியுரிமைத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டதே என்று கூறிற்று. 1959இல் கழகத்தைக் கலைக்கும் ஆணையை உறுதி செய்தது.

கழகம் கலைந்தது; நோய் கலையவில்லை. 1986இல் டிம் விதர்ஸ்பூன் என்னும் உலக வாகையர், இலண்டன் வெம்பிளி அரங்கில் பிராங்க் புருனோவை எதிர்த்து வென்றார். விதர்ஸ்பூனின் பந்தய முதலாளி டொன் கிங். மனேஜர் அந்த டொன் கிங்கின் மகன் கார்ல் கிங். தந்தையிடம் மகன் எவ்வளவு கடுமையாகப் பேரம் பேசியிருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. கழிவுகள் எல்லாம் போக வாகையர் கைக்கு வந்தது ஏறத்தாழ 90,000 டொலர். தோற்றுப்போன புருனோ பெற்றதோ அதைப்போற் பல மடங்கு. விதர்ஸ்பூன் வழக்குத் தொடுத்து, ஆண்டுகள் சில கழிந்தபின் சமரசமாக ஏறத்தாழ 10 இலட்சம் டொலர் பெற்றார். ஆனால் ஒரு குத்துச்சண்டை வீரனுக்கு ஆண்டு என்பது எளிதில் ஈடுசெய்யக்கூடிய பொருளன்று. அவன் தோள் வலிமை நிற்கும் காலம் குறுகியது. வழக்கு மன்றத்தின் காலமோ நீண்டது.

இத்தகைய வழக்குகளின் பின்னரே 2000ஆம் ஆண்டில், முகம்மது அலியின் பெயர் தாங்கிய சீர்திருத்தச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. பந்தய முதலாளி வீரனின் மனேஜர் தொழிலில் பணத்தொடர்பு கொள்ளலாகாது. மனேஜரும் முதலாளியிடம் அவ்வாறு கொள்ளலாகாது. போட்டி தருவதற்கு விலையாக வீரனின் எதிர்காலப் போட்டிகளைக் கட்டிப்போடும் உரிமை 12 மாதத்தைத் தாண்டலாகாது. சீகிரியா உழவன் சந்தையிற் கேட்கும் கேள்விக்குச் சட்ட வடிவில் அளித்த விடை என்றே இதனைக் கொள்ளலாம். எனினும் அச்சட்டம் அமெரிக்க எல்லைக்குள் மட்டுமே செல்லும்.

அச்சட்டத்துக்குப் பெயர் தந்தவர், தம் முதல் ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை நற்பேறு உடையவர். 1960இல் ரோம் நகரில் ஒலிம்பிக் தங்கம் வென்று திரும்பியபோது அவர் காசியஸ் கிளே என்னும் பதினெட்டு வயது இளைஞர். அவருடைய சொந்த நகரான லூயிவில்லைச் சேர்ந்த 11 செல்வர்கள் ஒரு குழுவாகி அவரை ஏற்றனர். கையெழுத்திட்டவுடன் 10,000 டொலர். வருவாயில் இரு தரப்புக்கும் சரிபாதி. பயிற்சி, பயணம் முதலிய செலவெல்லாம் குழுவின் பாதியிலிருந்தே. பாதி என்பது பெரிய பங்கு என்று தோன்றும். ஆனால் செலவை யார் ஏற்கிறார் என்ற ஒரு வரி, பங்கின் அளவையே புரட்டிவிடுகிறது. மேலும், கிளேயின் பங்கில் நூற்றுக்கு 15ஐ அவர் 35 வயதை அடையும் வரை, அல்லது ஓய்வு பெறும் வரை, தொடமுடியாத நிதியாக ஒதுக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. அவர் சார்பில் பேசியவர் அல்பேர்ட்டா ஜோன்ஸ் என்னும் கறுப்பினப் பெண் வழக்கறிஞர். மனேஜரையும் முதலாளியையும் சாராத ஒருவர் அந்த மேசையில் இருந்தார் என்பது சிறு செய்தியன்று.

தமிழர் நாட்டில் இவ்வாட்டம் வேறு வழியில் வளர்ந்தது. வடசென்னையில் சார்பட்டா, இடியாப்பம் முதலிய பரம்பரைகள் என்ற பெயரில் வீரர்கள் அணிவகுத்தனர். அங்கே தாளினும் வலிமை பெற்றிருந்தது வாத்தியாரின் சொல். பரம்பரையின் மானத்துக்காக மோதுபவன் தன் பங்கைக் குறித்து வாய்திறந்து கேட்பது எளிதன்று. 1980இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியபோது திரண்ட கூட்டம் அந்நகரின் ஆர்வத்துக்குச் சான்று. அந்த ஆர்வத்தை வீரனின் வாழ்நாள் வருவாயாக மாற்றும் அமைப்புத்தான் அங்கே உருவாகவில்லை.

இந்தியாவில் எழுத்து ஒப்பந்தத்தின் வழியே சென்றவர்களுள் பெயர் பெற்றவர் விஜேந்தர் சிங். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற அவர், 2015இல் பிரித்தானிய நிறுவனமான குவீன்ஸ்பெரியுடன் ஒப்பந்தம் செய்து மன்செஸ்டரில் முதற்போட்டி ஆடினார். காவல்துறைப் பதவியும் ஒலிம்பிக் பெயரும் அவருக்கு முன்பே இருந்தன. பேரம் பேசும் மேசையில் வெறுங்கையோடு அமர்பவனுக்கும் அவருக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

இலங்கையில் குத்துச்சண்டைக்குப் பழைய பெருமை உண்டு. 1938இல் சிட்னி நகரில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்ரிக்கஸ் தங்கம் வென்றார். ஆயினும் இவ்வாட்டம் இங்கே பள்ளிக்கூடங்களிலும், முப்படைகளிலும், பொலிஸ் துறையிலுமே பெரிதும் வேரூன்றியது. படையில் சேர்ந்த வீரனுக்கு மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் உண்டு. அவனுக்கு மனேஜர் தேவைப்படுவதில்லை. ஆதலால் தன் உடல் வலிமைக்கு விலை பேசும் பழக்கமும் அவனுக்கு வாய்ப்பதில்லை. வெளிநாட்டு ஒப்பந்தம் ஒருநாள் வந்து கதவைத் தட்டும்போது அதுவே குறையாகிவிடும்.

இனாமலுவைச் சந்தியில் பேருந்துக்கு நிற்கும் அந்த இளைஞனின் கையில் இப்போது தாள் இருக்கிறது. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். அவன் அறிந்த சிங்களத்திலோ தமிழிலோ ஒரு படியை அவன் கேட்க வேண்டும். காலம் எத்தனை ஆண்டு, பங்கு கணக்கிடப்படுவது செலவுக்கு முன்னா பின்னா, காயமுற்றால் மருத்துவச் செலவு யாருடையது, மனேஜருக்குப் பணம் தருபவர் யார் என்னும் நான்கையும் அதில் தேட வேண்டும். தேடியது கிட்டாவிடில், மாத்தளையில் ஒரு வழக்கறிஞரிடம் அதனைக் காட்டும்வரை பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கலாம். சந்தையிலிருந்து திரும்பும் தந்தையிடமும் ஒருமுறை படித்துக் காட்டலாம். நான்காம் கேள்வியை அவர்தான் முதலிற் கேட்பார்.