பேட்டரி மெஷின் கேட்கும் தம்பிகளுக்கு

(தொழிற்கருவி உதவிக்கு விண்ணப்பித்தவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இந்த வருடம் வந்த விண்ணப்பங்களைப் புரட்டிப் பார்த்தால் காலம் மாறியிருப்பது தெரிகிறது. முன்பெல்லாம் தையல் மெஷின், தள்ளுவண்டி, பிரியாணி தேக்ஸா என்று கேட்பார்கள். இப்போது பாதிக்கு மேல் ‘பேட்டரி மெஷின்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். எந்த மெஷின், எத்தனை வோல்ட், என்ன வேலைக்கு என்று எழுதியவர்கள் மிகச் சிலர். கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கி, ஆறு மாதத்தில் அது பரணுக்குப் போனால் போவது உங்கள் பணம் மட்டும் அல்ல. யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து எடுத்துக் கொடுத்த ஜகாத். அதனால்தான் பணம் கொடுப்பதற்கு முன்பே கூப்பிட்டுப் பேசுகிறேன்.

அபூதாவூதில் அனஸ் (ரலி) அவர்கள் வழியாக ஒரு செய்தி வருகிறது. அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்களிடையே பேச்சு உண்டு. ஆனாலும் பல அறிஞர்கள் தங்கள் நூல்களில் எடுத்துச் சொன்ன செய்தி. அன்ஸாரிகளில் ஒருவர் உதவி கேட்டு வருகிறார். அவர் வீட்டில் இருந்தது ஒரு முரட்டுத் துணியும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும். நபி (ஸல்) அவர்கள் அவற்றை ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றார்கள். ஒன்றுக்கு வீட்டாருக்கு உணவு வாங்கச் சொன்னார்கள், மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரச் சொன்னார்கள். தம் கையாலேயே அதற்குக் காம்பு பூட்டிக் கொடுத்து, விறகு வெட்டி விற்கும்படியும் பதினைந்து நாள் தம் கண்ணில் படாமல் இருக்கும்படியும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது கையில் பத்து திர்ஹம் இருந்தது.

நான் ஓதிய காலத்தில் இதை உழைப்பின் சிறப்புக்கு ஆதாரமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது நான் கவனிப்பது வேறொன்றை. அந்தக் கருவி அந்த வேலைக்குப் பொருத்தமாக இருந்தது. விற்க விறகு இருந்தது, வெட்டக் காடு இருந்தது, ஒரு திர்ஹத்துக்குள் விலையும் அடங்கியது. இமாம் நவவி (ரஹ்) அவர்களும் மஜ்மூஃவில், தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழிலுக்கான கருவி வாங்கும் அளவு ஜகாத் கொடுக்கலாம், அதன் விலை குறைவோ கூடுதலோ ஆகட்டும் என்று எழுதுகிறார்கள். அவரவர் தொழிலுக்கான கருவி என்பதுதான் இங்கே முக்கியம்.

ஆக, முதல் கேள்வி: உங்களுக்குப் பேட்டரி மெஷின் தேவைதானா?

ஏசி வேலை செய்யும் தம்பி மூன்றாம் மாடிச் சுவரில் ஏணி மேல் நின்று துளை போடுகிறார். சிசிடிவி, ஃபால்ஸ் சீலிங், அலுமினிய ஜன்னல் வேலை செய்பவர்கள் இன்னும் கரண்ட் வராத புதுக் கட்டடத்தில் நிற்கிறார்கள். இவர்களுக்குப் பேட்டரி பெரிய உதவி. ஒயர் காலில் சுற்றி விழும் ஆபத்தும் இல்லை. ஆனால் பட்டறையில் உட்கார்ந்து நாள் முழுவதும் மரம் இழைக்கும் ஆசாரிக்கும், கேட் கிரில் அடிக்கும் வெல்டிங் கடைக்காரருக்கும் பிளக் பாயின்ட் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர்கள் ஒயர் மெஷினே வாங்கலாம். அதே தரத்தில் பேட்டரி கிரைண்டர் வாங்கினால், பேட்டரி சார்ஜரோடு சேர்த்துப் பல மடங்கு விலை ஆகிறது. ஒயர் மெஷினில் கார்பன் தேய்ந்தால் செஞ்சியில் சில்லறைக் காசுக்கு மாற்றிக்கொள்ளலாம். ‘பிரஷ்லெஸ்’ என்று இப்போது வரும் பேட்டரி மெஷினில் கார்பனே கிடையாது. நல்லதுதான், சார்ஜும் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் உள்ளே போர்டு போனால் போர்டைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒரு சின்னக் கணக்கு. கல்லூரி வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். பேட்டரி மேல் வோல்ட் என்று ஓர் எண்ணும் ஆம்பியர்-அவர் என்று ஓர் எண்ணும் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் அதற்குள் இருக்கும் மொத்தச் சக்தி, வாட்-அவர், வந்துவிடும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36. அதே 18 வோல்ட்டில் 4 என்றால் 72. இப்போது 600 வாட் இழுக்கும்படி கிரைண்டரை அழுத்திப் பிடித்து இரும்பு அறுக்கிறீர்கள். 72-ஐ 600-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏழு நிமிடத்தில் பேட்டரி காலி! ஸ்க்ரூ முடுக்கினால் அதே பேட்டரி பல மணி நேரம் ஓடும். கிரைண்டர் கேட்ட தம்பிகள் இந்த ஏழு நிமிடத்தை மனதில் வையுங்கள்.

துளை போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். செங்கல் சுவருக்கு இம்பாக்ட் டிரில் போதும். தளத்திலும் தூணிலும் கான்கிரீட்டைத் துளைக்க அது முக்கிக்கொண்டே நிற்கும். அதற்கு எஸ்டிஎஸ் பிட் மாட்டும் ரோட்டரி ஹேமர்தான் வேண்டும். ஸ்க்ரூ, சின்னத் துளை மட்டும் என்றால் 12 வோல்ட் மெஷினே கைக்கு இலகு. 18 வோல்ட் வாங்கித் தோளை நோகடித்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே ஏமாற்று ஒன்று நடக்கிறது. நம் தெருவில் ஒரு தம்பி, மனைவி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் ஆன்லைனில் ‘48 விஎஃப்’ என்று போட்ட மெஷின் வாங்கினார். 18 வோல்ட்டைவிட இது மூன்று மடங்கு பலம் என்று நினைத்தார். பேட்டரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக ஐந்து செல். லித்தியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட். ஐந்து செல் 18 வோல்ட். முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21. அதற்குமேல் போகாது. 48 என்பதும் 88 என்பதும் அட்டையில் அச்சடித்த எண்தான். நல்ல கம்பெனிகள் சிலவும் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று போடுகின்றன. அதுவும் இதே ஐந்து செல் 18 வோல்ட்தான், பெயரில்தான் வேறுபாடு. அந்தத் தம்பியின் மெஷின் இரண்டு மாதத்தில் நின்றது. விற்றவரின் போன் அதற்கு முன்பே நின்றுவிட்டது.

மூன்றாவது விஷயம்தான் பணம் அதிகம் வீணாகும் இடம். பேட்டரி மெஷின் வாங்குவது சம்பந்தம் செய்வது மாதிரி. முதல் மெஷினோடு ஒரு பேட்டரிக் குடும்பத்துக்குள் போகிறீர்கள். அடுத்த மெஷினை ‘பேர் டூல்’ என்று பேட்டரி இல்லாமல் பாதி விலைக்கு வாங்கலாம், அதே பேட்டரி மாட்டுமானால். ஒரே கம்பெனி என்பதால் எல்லாம் மாட்டும் என்று நினைக்காதீர்கள். போஷ்ஷின் நீல நிற 18 வோல்ட் பேட்டரி அவர்களுடைய பச்சை நிற மெஷினில் மாட்டாது. மகிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அவர்களுடைய 40 வோல்ட் மெஷினில் மாட்டாது. அதனால் விண்ணப்பத்தில் அண்ணனும் தம்பியும் வேறு வேறு கம்பெனி கேட்டிருந்தால் வீட்டில் பேசி ஒன்றாக்குங்கள். ஒரு சார்ஜர், மூன்று பேட்டரி, இரண்டு பேர் பிழைப்பு. வாங்கும் முன் கடைக்காரரிடம், இரண்டு வருடம் கழித்து இந்தப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் திண்டிவனத்திலா பாண்டிச்சேரியிலா சென்னையிலா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மாமாவோ மச்சானோ கொண்டுவருகிறார் என்றால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். தனி லித்தியம் பேட்டரியை விமானத்தில் லக்கேஜில் போடக்கூடாது, கையில் எடுத்துவரும் பையில்தான் வர வேண்டும்; மெஷினை லக்கேஜில் போட வேண்டும். 100 வாட்-அவர் வரை தடையில்லை. அதற்குமேல் 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும், இரண்டுக்கு மேல் கூடாது. நான் சொன்ன பெருக்கல் இங்கேயும் உதவும்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் என்றால் 90, பிரச்சினை இல்லை. 6 என்றால் 108, அனுமதி கேட்க வேண்டும். சவுதியில் வெகுகாலம் 127 வோல்ட் லைன் இருந்தது. அங்கே வாங்கிய பழைய சார்ஜரை நம் 230 வோல்ட்டில் சொருகும் முன் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இனி கொல்லை வேலை. மணிலாவுக்கும் நெல்லுக்கும் மருந்தடிக்க 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் கேட்டிருக்கிறீர்கள். கூலிக்கு மருந்தடிக்கும் குடும்பத்துக்கு இது உடனே வருமானம் தரும் கருவி. நாள் முழுக்கக் கைப்பிடி அடிக்க வேண்டியதில்லை, தோள்வலி குறையும். ஆனால் விலை குறைந்த ஸ்பிரேயர்களில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. அதன் குணம் லித்தியத்துக்கு நேர் எதிர். லித்தியத்தை நீண்ட நாள் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வைக்க வேண்டும். ஈய பேட்டரியை முழுச் சார்ஜில் வைக்க வேண்டும்; பருவம் முடிந்ததும் காலியாகப் போட்டுவைத்தால் உள்ளே உப்புப் படிந்து அடுத்த பருவத்தில் சார்ஜ் ஏறாது. மாதம் ஒருமுறை சார்ஜ் போடும் பொறுப்பை வீட்டில் யாராவது ஒருவர் ஏற்க வேண்டும். தாய்மார்களே, பெரும்பாலும் அது உங்கள் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். கையாலும் அடிக்கலாம், பேட்டரியாலும் அடிக்கலாம் என்று வரும் ‘டூ இன் ஒன்’ வாங்குவதே என் யோசனை. நடுக்கொல்லையில் சார்ஜ் தீர்ந்தால் வேலை நிற்காது. களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் பயிருக்கு அடித்துப் பயிரைக் கருக்காதீர்கள். மானியம் இருக்கிறதா என்று வல்லம் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் உழவன் செயலியிலும் பார்த்துவிட்டு எங்களிடம் வாருங்கள். அரசு கொடுக்கும் பங்கு போக மீதியை நாம் கொடுத்தால் இன்னொரு குடும்பத்துக்கும் கிடைக்கும்.

மையவாடிக்குப் புல் வெட்டும் மெஷின் வாங்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஜகாத்தைத் தொட முடியாது. ஜகாத் ஒரு மனிதரின் கையில் சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும், பொதுச் சாமானுக்குக் கூடாது என்பது நம் ஹனஃபி சட்டம். ஹஸ்ரத் அவர்கள் விளக்குவார்கள். ஸதக்கா நிதியிலிருந்துதான் வாங்க முடியும். மழைக்குப் பின் வேலிக்காத்தான் முள் இடுப்பளவு நிற்கும்போது பேட்டரி மெஷின் அதை வெல்லாது. வருடத்தில் ஒருமுறை பெட்ரோல் பிரஷ் கட்டரை வாடகைக்கு எடுப்போம். மாதா மாதம் புல்லுக்கு 36 வோல்ட் பேட்டரி மெஷின் வைத்துக்கொள்ளலாம். அங்கே பிளக்கும் இல்லை, ஜனாஸா வரும் நேரத்தில் இரைச்சலும் இருக்கக் கூடாது. மீஸான் கற்களுக்குப் பக்கத்தில் இரும்பு பிளேடு வேண்டாம், நைலான் நரம்பு மட்டும்.

கடைசியாக, உயிருக்கும் கைக்கும் உரியவை. கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி, கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது நிமிடத்துக்கு 8,000 முதல் 11,000 சுற்றுச் சுற்றும் மெஷின். பல் மரத்தில் மாட்டினால் மெஷின் துள்ளி வருவது தொடைக்கு, வயிற்றுக்கு. அப்படி வேலை செய்பவருக்கு இந்த உதவி கிடையாது என்று நிர்வாகக் குழுவில் நான் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒயர் மெஷினில் பிளக் பிடுங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். பேட்டரி மெஷின் எப்போதும் உயிரோடு இருக்கும். பிளேடு மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், வேலை முடிந்ததும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியாக வையுங்கள்.

நம்மூர் வெயிலில் பைக் பெட்டியிலும் தகரக் கொட்டகையிலும் பேட்டரியை விடாதீர்கள். சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும். இரவில் படுக்கைக்குப் பக்கத்திலும் வாசற்படி ஓரத்திலும் சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும். மலிவாகச் செல் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். பேட்டரியில் பிஐஎஸ் பதிவு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியதை, உடைந்ததைக் குப்பையில் போடவோ கொளுத்தவோ கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. அலுவலகத்துக்குப் பின்னால் மணல் போட்ட வாளி ஒன்று வைக்கிறோம், அங்கே கொண்டுவந்து கொடுங்கள்.

விண்ணப்பங்களை இன்று திருப்பித் தருகிறோம். என்ன வேலை, வாரத்தில் எத்தனை நாள், வேலையிடத்தில் கரண்ட் உண்டா, வீட்டில் ஏற்கெனவே எந்த பேட்டரி இருக்கிறது, அருகில் சர்வீஸ் எங்கே என்ற ஐந்தையும் எழுதி, இரண்டு கடை விலைச்சீட்டோடு அடுத்த வெள்ளி அஸருக்குள் கொடுங்கள். பில் உங்கள் பெயரில்தான் போடப்படும், மெஷின் உங்களுக்கே சொந்தம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் மக்ரிபுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதிக்கொடுக்கிறேன், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.