கருவி வந்தால் கல்வி வந்துவிடுமா?



கருவியை வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டால் படிப்பு தானே வந்துவிடும் என்று சில மேதாவிகள் பேசுகிறார்கள். அப்படியானால் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பொதுப் பள்ளிக்கூட ஜில்லாவில் 2013-ல் நடந்தது என்ன என்று கேட்கிறோம்.

ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஐபேட் என்றார்கள். திட்டச் செலவு நூறு கோடி டாலருக்கு மேல். பணமோ, பள்ளிக் கட்டடத்துக்கென்று ஜனங்கள் தலையில் ஏற்றிய கடன்! உள்ளே வைத்து விற்ற பாடங்களோ எழுதி முடிந்தபாடில்லை. கண்ட தளங்களுக்குப் போகாமலிருக்கப் போட்ட பூட்டைப் பிள்ளைகள் சில நாளிலேயே உடைத்துவிட்டார்கள். (அவர்களை நாம் குறை சொல்லமாட்டோம், அங்கே அறிவை உபயோகித்தவர்கள் அவர்கள்தான்.) பிறகு 245 வகுப்புகளைப் பார்வையிட்டதில், அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த உபாத்தியாயர் ஒரே ஒருவர்! 2014 ஆகஸ்டில் ஒப்பந்தம் நின்றது.

அதே தேசத்தில் மெயின் மாகாணத்தார் 2002-ல் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தபோது உபாத்தியாயர்களுக்குப் பயிற்சியும் சேர்த்தே கொடுத்தார்கள்.

ஆகையால் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கருவி வருகிறதென்றால், மாலை போட்டுக்கொள்ள வருகிற கனவானிடம் கேளுங்கள்: உபாத்தியாயரைக் கலந்தீர்களா? பழுதானால் பார்ப்பது யார்? நாலு வருஷம் கழித்து மாற்றப் பணம் எங்கே?