வெளிமானுக்கு இடம் எங்கே? கிண்டியில் தொடங்கிய ஒரு ஆராய்ச்சி

"மயிலாப்பூர்ல வளர்ந்துட்டு காட்டு ஆராய்ச்சிக்கு எப்படி வந்தீங்க?"ன்னு நிறைய பேர் கேட்கறாங்க. காடு பக்கத்துலயேதான் இருந்தது. அடையாறு தாண்டினா கிண்டி தேசியப் பூங்கா. மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். பக்கத்துல ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி., நாலு பக்கமும் ஊர்.

காலேஜ்ல விலங்கியல்னா தவளை, கரப்பான்னு ஒவ்வொரு உயிரையும் தனித்தனியா அறுத்துப் பார்ப்போம். ரெண்டு உயிர்களுக்கு நடுவுல என்ன நடக்குதுன்னு யோசிக்க வெச்சது ஒரு பழைய கட்டுரை. 1996-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் டி.ஆர். சங்கர் ராமன், ஆர்.கே.ஜி. மேனன், ஆர். சுகுமார் மூவரும் கிண்டியின் புள்ளிமானையும் வெளிமானையும் பற்றி எழுதியது. நாம வேடிக்கை பார்த்த மான்களைப் பற்றி இவ்வளவு கேட்கலாமான்னு இருந்தது.

வெளிமான் பேரிலேயே 'வெளி' இருக்கு. தூரத்துல ஆபத்தைப் பார்த்து ஓடித் தப்பிக்கிற உயிர் அது. திறந்த புல்வெளி வேணும். புள்ளிமானுக்குப் புதரும் மர நிழலும் சரிப்படும். ரெண்டும் முட்டி மோதிக்கறதில்லை. ஆனா புல்வெளியில புதர் ஏறினா ஒண்ணுக்கு வசதி, இன்னொண்ணுக்கு இடமே இல்லை. சுவரைத் தாண்டி எங்க போகும்? நல்ல எண்ணத்தோட புல்வெளியில மரம் நடறவங்களுக்கு இதைப் புரிய வைக்கறதுதான் ரொம்ப கஷ்டம்.

இதுல சீமைக்கருவேலம் வேற. அதோட இனிப்பான காயை மான் தின்னும். விதை சாகாம புழுக்கையோட வெளிய வரும். புதரை வளர்க்கறதுல மானுக்கே பங்கு இருக்கு!

சங்கர் ராமன் பின்னாடி வால்பாறைக்குப் போய், திவ்யா முடப்பாவோட சேர்ந்து மழைக்காட்டை மீட்கிற வேலையில இருக்கார். அங்கே இதே உறவு தலைகீழ்: இருவாச்சியும் மரநாயும் பழம் தின்னு விதையைப் பரப்பறதுதான் காட்டுக்கு நல்லது. ஒரே வேலை, ஒரு இடத்துல உதவி, இன்னொரு இடத்துல தலைவலி. அந்த வித்தியாசம்தான் என்னை இந்தத் துறையிலேயே நிறுத்திடுச்சு.

"இதுக்கு சம்பளம் யார் குடுப்பா?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. இப்பவும் ஃபெலோஷிப் நீட்டிப்புக் கடிதத்துக்குத்தான் காத்திருக்கேன். அதுவரைக்கும் அனுமதி வாங்கிப் பொறுக்கின புழுக்கையை மண் தட்டுல பரப்பி, தினமும் தண்ணி தெளிச்சு, எது முளைக்குதுன்னு எண்ணிட்டிருக்கேன்.