யாருடைய ஓட்டு, யாருடைய கை?
ஒரு துணைத் தலைவர் தேர்தலும் சில கேள்விகளும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்கட்சி ஜனநாயகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். ஜனநாயகம் வேண்டாம் என்று எந்தத் தலைவர் மேடையில் சொல்லியிருக்கிறார்? அதனால ஒரே ஒரு தேர்தலை எடுத்துக்கிட்டு, கணக்கோடு பேசலாம்னு நினைக்கிறேன். கவிதை எழுதினாலும் பிழைப்பு பேங்க் கிளார்க் பிழைப்புதான். கணக்கு நேராகாமல் எழுந்திருக்கிற பழக்கம் இல்லை.

1981 செப்டம்பர் 27. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் மாநாடு. நடந்தது தலைவர் தேர்தல்கூட இல்லை, துணைத் தலைவர் தேர்தல். ஏற்கெனவே அந்தப் பதவியில் இருந்த டெனிஸ் ஹீலி 50.426 சதவீதம். எதிர்த்து நின்ற டோனி பென் 49.574 சதவீதம். மூன்றாவது ஆள் ஜான் சில்கின் முதல் சுற்றிலேயே வெளியேறிவிட்டார். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லாத இந்த முடிவுக்காக ஒரு கட்சி அரை வருஷம் தனக்குள்ளேயே போர் நடத்தியது.

துணைப் பதவிக்கா இவ்வளவு சண்டை? அதிகாரம் பெரிதாக ஒன்றும் இல்லாத பதவிதானே என்று கேட்கலாம். சண்டை பதவிக்காக இல்லை. யார் தேர்ந்தெடுப்பது என்பதற்காக.

அதுவரை தொழிற்கட்சியின் தலைவரையும் துணைத் தலைவரையும் எம்.பி.க்கள் மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள். 1980 நவம்பரில் மைக்கேல் ஃபுட் தலைவரானது அப்படித்தான். ஃபுட்டுக்கு 139 ஓட்டு, ஹீலிக்கு 129. நாடு முழுக்க வீடுவீடாகப் போய் கட்சிக்கு ஓட்டுக் கேட்டவன், சந்தா கட்டியவன், மழையில் நோட்டீஸ் கொடுத்தவன் எவனுக்கும் அதில் இடம் இல்லை. 1974 முதல் 1979 வரை கட்சி ஆட்சியில் இருந்தபோது மாநாட்டில் ஒரு தீர்மானம் போடுவார்கள், அமைச்சர்கள் வேறொன்றைச் செய்வார்கள். 1976இல் சர்வதேச நிதியத்திடம் கடன் வாங்கி, அரசுச் செலவை வெட்டிய நிதியமைச்சர் இதே ஹீலிதான். கட்சியை ஜனநாயகப்படுத்த வேண்டும் என்று 1973இலிருந்தே உள்ளே ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு இந்தக் கோபம் உரமானது.

1981 ஜனவரி 24இல் வெம்ப்ளியில் கூடிய சிறப்பு மாநாடு விதியை மாற்றியது. தொழிற்சங்கங்களுக்கு 40 சதவீதம், தொகுதிக் கட்சிகளுக்கு 30, எம்.பி.க்களுக்கு 30. மறுநாளே நான்கு முன்னாள் அமைச்சர்கள் தனிப் பாதைக்கு அறிக்கை விட்டார்கள். மார்ச்சில் தனிக்கட்சியும் தொடங்கினார்கள். எம்.பி.க்கள் கையிலிருந்த சாவியைப் பங்குபோட்டதை அவர்களால் தாங்க முடியவில்லை.

புதிய விதியின்படி நடந்த முதல் தேர்தல்தான் பிரைட்டன். கணக்கைப் பிரித்துப் பாருங்கள். இரண்டாம் சுற்றில் எம்.பி.க்களின் 30இல் ஹீலிக்கு 19.759, பென்னுக்கு 10.241. தொகுதிக் கட்சிகளின் 30இல் பென்னுக்கு 24.327, ஹீலிக்கு 5.673. அதாவது தெருவில் வேலை செய்கிற கட்சி ஒரு பக்கம், நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிற கட்சி இன்னொரு பக்கம். தீர்மானித்தது சங்கங்கள்: 40இல் ஹீலிக்கு 24.994, பென்னுக்கு 15.006.

இதோடு நிறுத்தினால் நமக்குப் பிடித்த கதை கிடைத்துவிடும். மேலே துரோகிகள், கீழே போராளிகள். ஆனால் சங்கங்களின் ஓட்டு எப்படி விழுந்தது என்று பார்த்தால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை.

அங்கே இருந்தது மொத்த ஓட்டு முறை. ஒரு சங்கத்தில் பத்து லட்சம் பேர் இருந்தால் அந்தப் பத்து லட்சத்தையும் அதன் பேராளர் குழு ஒரே ஆளுக்குப் போடும். உள்ளே பாதிப்பேர் வேறு மாதிரி நினைத்திருந்தாலும் கணக்கில் வராது. போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்திடம் இப்படி 12½ லட்சம் ஓட்டு இருந்தது. கிளைகள், மண்டலங்களின் கருத்தைக் கேட்டபோது ஹீலிக்கே ஆதரவு அதிகம். பேராளர் குழு முதல் சுற்றில் சில்கினுக்கும் இரண்டாவதில் பென்னுக்கும் போட்டது. இன்னொரு பக்கம், பொதுத்துறை ஊழியர் சங்கம். அதன் தலைமை இடதுசாரிகள் கையில். ஆனாலும் உறுப்பினர்களைக் கேட்டார்கள். உறுப்பினர்கள் ஹீலி என்றார்கள். சங்கமும் ஹீலிக்குப் போட்டது.

இப்போ சொல்லுங்க, இதில் யார் ஜனநாயகவாதி?

நம்மில் பலருக்கு மனசு பென் பக்கம்தான் போகும். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் கேட்காமல் போட்ட 12½ லட்சம் ஓட்டை நியாயப்படுத்த முடியாது. ஒருத்தர் கணக்கில் இன்னொருத்தர் கையெழுத்துப் போட்டால் பேங்கில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. 'அவர் நல்லதுக்குத்தான் போட்டேன்' என்றால் எந்தக் கவுண்டரிலும் ஒத்துக்க மாட்டாங்க. கேட்டதற்கு உறுப்பினர்கள் வேறு பதில் சொன்னார்கள் என்றால் அதன் பொருள் ஒன்றுதான். நாம் அவர்களிடம் போய்ப் பேசவில்லை. அதற்கு மருந்து போய்ப் பேசுவது. அவர்கள் கையை நாமே பிடித்துத் தூக்குவது இல்லை.

டோனி பென் தனக்கு வந்த பிரபு பட்டத்தை 1963இல் துறந்து மக்களவைக்குத் திரும்பியவர். மேலேயிருந்து இறங்கி வருகிறவருக்குக் கைத்தட்டல் கிடைக்கிறது. கீழேயிருந்து ஏறி வருகிறவர்களுக்கு அதே கட்சியில் என்ன கிடைத்தது?

1980களில் தொழிற்கட்சியின் கறுப்பின, ஆசிய உறுப்பினர்கள் தங்களுக்கென்று தனிப்பிரிவு கேட்டார்கள். பெண்களுக்குப் பிரிவு இருக்கிறது, இளைஞர்களுக்கு இருக்கிறது, எங்களுக்கு ஏன் இல்லை என்றார்கள். நம் காதுக்குப் பழகிய பதில்தான் வந்தது. இனத்தின் பேரால் வர்க்கத்தைப் பிரிக்காதே. 1984 மாநாட்டில் கோரிக்கை தோற்கடிக்கப்பட்டது. தோற்கடித்ததில் அதே மொத்த ஓட்டுக்குப் பெரும் பங்கு. 1983இல் தலைவராகியிருந்த நீல் கின்னக்கும் அதை ஏற்கவில்லை. 1981இல் இரண்டாம் சுற்றில் யாருக்கும் போடாமல் ஒதுங்கிய இடதுசாரி எம்.பி.க்களில் ஒருவர் இவர். ஆனாலும் அந்த இயக்கம் கொடுத்த நெருக்கடி வீண்போகவில்லை. 1987இல் டயான் அபோட், பெர்னி கிராண்ட், பால் போட்டெங், கீத் வாஸ் என்று நான்கு பேர் எம்.பி. ஆனார்கள்.

மொத்த ஓட்டு பிறகு படிப்படியாகப் போனது. 1993இல் ஜான் ஸ்மித் காலத்தில் விதி மாறியது, 2014இல் ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு என்றானது. ஜனநாயகம் வென்றுவிட்டது என்று எழுதி முடித்துவிடலாமா? முடியாது. ஓட்டுப்பெட்டியைத் திறந்துவிட்டார்கள், வேட்புமனு வாசலை இறுக்கிக்கொண்டார்கள். போட்டியிட இத்தனை எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும் என்ற வரம்பை 1988க்குப் பிறகு 20 சதவீதமாக்கினார்கள். பிறகு குறைத்தார்கள். 2021இல் மீண்டும் 20 ஆக்கினார்கள். 2010இல் டயான் அபோட் தலைவர் பதவிக்கு நின்றபோது, எதிர்த்து நின்ற டேவிட் மிலிபாண்டே அவரை முன்மொழிந்துதான் உள்ளே வர முடிந்தது. அதைப் பெருந்தன்மை என்றார்கள். வாசலில் நிற்கிறவன் தயவில் உள்ளே போவது உரிமையா?

2025இல் ஏஞ்சலா ரெய்னர் விலகியபின் நடந்த துணைத் தலைவர் தேர்தலில் 80 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டும். கறுப்பினப் பெண்ணான பெல் ரிபெய்ரோ-ஆடி அதை எட்டவில்லை. கடைசியில் லூசி பவல், பிரிஜெட் ஃபிலிப்சன் என்று இரண்டே பேர். பவல் வென்றார். ஓட்டுப் போட்டவர்கள் ஆறில் ஒரு பங்குதான். எம்.பி.க்கள் வடிகட்டித் தந்த இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் மற்றவன் ஏன் வரப்போகிறான்?

இந்த இரண்டடுக்கு முறை நமக்குப் புதிதா? 1932 பூனா ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தனித்தொகுதிக்கும் நம் மக்கள் மட்டும் ஓட்டுப் போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நான்கு பேரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்று வைத்தார்கள். அங்கே வாசல் முதலில், இங்கே கடைசியில். இரண்டிலும் வாசலைக் காக்கிறவன் யார் என்பதுதான் அரசியல். நால்வரில் முதலாவதாக நாம் தேர்ந்தெடுத்தவரை விட்டுவிட்டு நாலாவதாக வந்தவரை அவர்கள் எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

ஆகவே தோழர்களே, கட்சியோ சங்கமோ மாணவர் அமைப்போ, தேர்தல் நடக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே கைதட்டிவிட வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். யார் நிற்கலாம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? என் ஓட்டு என் பேரில் விழுகிறதா, இல்லை யாரோ ஒருத்தர் பையில் இருக்கிறதா? என் சார்பாகப் பேசப் போகிறவர் போவதற்கு முன்னால் என்னைக் கேட்டாரா?

கடைசிக் கேள்வியை மற்றவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. மக்கள் சார்பாகப் பேசுகிறோம் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற நம்மிடமும் சேரியில் யாராவது ஒரு அக்கா இதையே கேட்கலாம். அன்றைக்குப் பதில் இருக்க வேண்டும்.

மீதியை விவாதத்தில் பேசுவோம். ஜெய்பீம்.